படலமும் படமும்: ஆக்கியோன் பெயர் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஏடு என்னும் சொல் தமிழில் பாலின்மேல் படியும் ஆடையையும் குறிக்கும். எழுதப்பெறும் ஓலையையும் குறிக்கும். நீரின்மேல் ஒரு மூலக்கூறு கனத்தில் படரும் கொழுப்புப் படலத்தை ஆராய்ந்தோரின் வரலாற்றைப் பயிலும்போது இவ்விரு பொருளும் ஒருங்கே நம் நினைவுக்கு வருகின்றன. படலத்தை அளந்தவர் யார், அவ்வளவையை ஏட்டில் ஏற்றியவர் யார், எவர் பெயர் அதனோடு நிலைத்தது என்னும் வினாக்கள் அறிவியலுக்கு மட்டும் உரியன அல்ல. திரைப்படம் ஒன்றின் ஆசிரியர் யார் என்பது பற்றிச் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் எழுந்த விவாதமும் இதே வினாவில்தான் வந்து நின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் பொருளைச் சுருங்கக் காண்போம். உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வின் அடிப்படை, லிப்பிட் எனப்படும் கொழுமியங்களால் ஆனது. கொழுமிய மூலக்கூற்றின் தலை நீரை நாடும். வால் நீரை விலக்கும். ஆதலின் நீரின் மேற்பரப்பில் அவை தலை கீழாகவும் வால் மேலாகவும் ஒரே வரிசையாய் நிற்கின்றன. நீருக்குள்ளேயோ வால்களை உள்ளே மறைத்து இரட்டை அடுக்காகின்றன. இவ்வடுக்கு திடப்பொருளும் அன்று, சாதாரண நீர்மமும் அன்று. மூலக்கூறுகள் தத்தம் தளத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை குறைந்தால் உறையும். சவ்வுக் கொழுமியங்களுள் நன்கு ஆராயப்பட்ட ஒன்று ஏறத்தாழ 41 பாகை செல்சியசில் இந்நிலை மாற்றத்தை அடைகிறது. சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் 1972இல் முன்வைத்த சவ்வு மாதிரி இந்த ஓட்டத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இவ்வாய்வுகளுக்கெல்லாம் வழிவகுத்த கருவி ஒரு வீட்டுச் சமையலறையில் பிறந்தது. ஆக்னஸ் பொக்கெல்ஸ் 1862இல் வெனிஸ் நகரில் பிறந்தார். அப்பொழுது அந்நகர் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. படையில் பணியாற்றிய தந்தை நோயுற்று ஓய்வுபெறவே, குடும்பம் செருமனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டிருந்த காலம் அது. தம்பி ஃபிரீட்ரிக் கெட்டிங்கனில் இயற்பியல் பயின்றார். தமக்கை நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டு, தம்பி வழியாகக் கிடைத்த நூல்களைக் கொண்டு தாமே கற்றார். இருபது வயதளவில் அவர் அமைத்த கருவி எளிமையானது. 70 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் உயரமும் உடைய ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்பளவு நீர். குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் அதன் ஒருபுறத்து நீர்ப்பரப்பு சுருங்கும், மறுபுறத்துப் பரப்பு விரியும். நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு வட்டத் தகடு ஒன்றைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை தேவை என்பதைத் தராசில் கண்டு பரப்பு இழுவிசையை அளந்தார். பரப்பின் மாசு ஒரு குறிப்பிட்ட அளவு நெருங்கும்வரை இழுவிசை மாறுவதில்லை. அதன்பின் திடீரெனக் குறைகிறது. இதுவே அவர் கண்டது.

கண்டதை வெளியிட வழியில்லை. பத்தாண்டுக்கால உழைப்புக்குப் பின், இங்கிலாந்தின் ரேலி பிரபு இதே துறையில் ஈடுபட்டிருப்பதை அறிந்து, 1891 சனவரி 10ஆம் நாளிட்டு அவருக்குச் செருமன் மொழியில் ஒரு மடல் எழுதினார். ரேலியின் மனைவி அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ரேலி அதனை 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, 1891 மார்ச் 12இல் அது பொக்கெல்ஸின் பெயரிலேயே வெளிவந்தது. மடலின் முற்பகுதி தம் அண்மை ஆய்வோடு ஒத்திருப்பதை ரேலி தம் முன்குறிப்பில் மறைக்கவில்லை. மிக எளிய வீட்டுப் பொருள்களைக் கொண்டே இவர் மதிப்புமிக்க முடிவுகளை எட்டியிருக்கிறார் என்றும் சுட்டினார்.

இம்முன்குறிப்பை நாம் ஒரு சிறப்புப்பாயிரமாகவே காண்கிறோம். சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை முதலில் எண்ணும் நன்னூல், அப்பாயிரத்தை நூலாசிரியரே செய்துகொள்ள விடுவதில்லை. அவருடைய ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே அதற்குரியர். இயற்பியலில் பொக்கெல்ஸுக்கு ஆசிரியரும் இல்லை, மாணாக்கரும் இல்லை. முன்பின் அறியாத ஒருவர் அவ்விடத்தை ஏற்றார். ஏற்காதிருந்தால் என்னவாகியிருக்கும் என எண்ணிப் பார்க்கவும் வேண்டும்: ஒருவரின் பெயர் நிலைப்பது மற்றொருவரின் நேர்மையைச் சார்ந்திருந்தது என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி அன்று.

பின்னர் நிகழ்ந்ததைக் களவு என்று கூறுதல் பொருந்தாது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் பணியாற்றிய இர்விங் லாங்முயர், படலம் மிதக்கும் தடுப்பின்மீது செலுத்தும் விசையை நேரடியாக அளக்கும் கருவியை 1917இல் விளக்கினார். அது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் தொட்டி லாங்முயர் பெயரால் வழங்கலாயிற்று. ஹாலந்தின் லைடன் நகரில் குழந்தை மருத்துவப் பேராசிரியராயிருந்த கோர்ட்டரும் அவர்தம் ஆய்வுத் துணைவர் கிரெண்டலும், செங்குருதி அணுக்களின் கொழுமியத்தைப் பிரித்தெடுத்து இவ்வகைத் தொட்டியில் பரப்பினர். கொழுமியத்தைப் பென்சீனில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக நீரில் இட்டனர். இவ்வாறு கரைத்துப் பரப்பும் முறையும் பொக்கெல்ஸ் கையாண்டதே. படலத்தின் பரப்பு அணுக்களின் பரப்பைப்போல் இருமடங்கு எனக் கண்டு, சவ்வு இரட்டை அடுக்கே என 1925இல் அறிவித்தனர். கொழுமியம் முழுதும் பிரியவில்லை. அணுக்களின் பரப்பும் குறைவாகவே கணிக்கப்பட்டிருந்தது. இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் முடிவு மட்டும் சரியாக அமைந்தது.

லாங்முயரின் உடனாய்வாளர் கேத்ரின் பிளாட்ஜெட் இத்தகைய படலங்களைக் கண்ணாடிமீது அடுக்கடுக்காக ஏற்றினார். 44 அடுக்குகள் ஏற்றியபோது ஒளி எதிரொளிப்பு ஏறக்குறைய மறைந்ததை 1938இல் காட்டினார். அப்பூச்சு மென்மையானது, துடைத்தால் அழிந்துவிடும். ஒளிப்படக் கருவிகளின் லென்சுகளுக்கு வேறு முறையில் பூசப்பட்ட உறுதியான படலங்களே பயன்பட்டன. அத்தகைய லென்சுகளைக் கொண்டு ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் படமாக்கிய 'சிட்டிசன் கேன்' 1941இல் திரைக்கு வந்தது. திரைத்துறையில் ஆசிரியர் பற்றிய வழக்குகளுள் மிகவும் பேசப்பட்டது இப்படத்தைப் பற்றியதே.

இயக்குநரே திரைப்படத்தின் ஆசிரியர் என்னும் கருத்துக்குப் பிரான்சில் துருஃபோ 1954இல் எழுதிய கட்டுரை வலுவூட்டியது. அதை வெளியிட்ட இதழின் ஆசிரியர்களுள் ஒருவரான பசான், 1957இல் அக்கருத்தின் மிகைகளைக் கண்டித்தார். அமெரிக்காவில் சாரிஸ் 1962இல் அதனைக் கோட்பாடாக்கினார். எதிர்த்தவர் பாலின் கேல். 'சிட்டிசன் கேன்' திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதை மாங்கிவிச், வெல்ஸ் ஆகிய இருவரும் பகிர்ந்துகொண்டிருக்க, கதையை எழுதியவர் ஏறத்தாழ மாங்கிவிச் மட்டுமே என்று கேல் 1971இல் வாதிட்டார். இவ்வழக்கை முடித்தவை நேர்காணல்களும் நினைவுகளும் அல்ல. காக்கப்பட்டிருந்த திரைக்கதைப் படிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கேரிங்கர், வெல்ஸின் பங்கு பெரிது என்பதை 1978இல் நிறுவினார். பாடவேறுபாடு நோக்கிச் சுவடி பதிப்போர்க்கு இம்முறை புதிதன்று. இதில் ஒரு முரணும் உண்டு. உரியவர்க்கு உரிய பெயர் வேண்டும் என வாதிட்ட கேலின் கட்டுரையே, மற்றொருவர் திரட்டிய ஆய்வை அவர் பெயர் சுட்டாமல் பயன்படுத்தியது என்பதை 2011இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு எடுத்துரைக்கிறது. அவ்வாய்வாளரின் பெயர் ஹோவர்ட் சூபர். வெல்ஸோ, தம் பெயர் தோன்றும் அட்டையிலேயே டோலண்டின் பெயரையும் இடம்பெறச் செய்தார்.

அண்மைக் காலத்தில் ஆய்விதழ்களும் திரைப்படங்களைப் போலப் பங்களிப்போர் பட்டியலை வெளியிடத் தொடங்கியுள்ளன. பலவற்றில் வழங்கும், 2022இல் அமெரிக்கத் தர நியமமாக்கப்பட்ட பட்டியலில் 14 வகைகள் உள்ளன. மொழிபெயர்ப்புக்கு அதில் தனியிடம் இல்லை. ரேலியின் மனைவியை எவ்வகையில் சேர்ப்பது என்பது விளங்கவில்லை. பட்டியலை நாம் குறைகூறவில்லை. ஆனால் 'சிட்டிசன் கேன்' படத்திலும் பட்டியல் இருந்தது, வழக்கும் எழுந்தது. பொக்கெல்ஸின் முதன்மையை நாம் இன்று ஐயமின்றிக் கூற முடிவது, நாளிட்ட ஒரு மடல் முழுமையாக அச்சேறியதனால்தான்.

தம்பி 1913இல் மறைந்தார்; அடுத்த ஆண்டு போர் மூண்டது; கண்பார்வையும் குன்றவே பொக்கெல்ஸ் ஆய்வைக் கைவிட்டார். 1932இல், அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது, பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பரப்பு வேதியியலுக்காக லாங்முயர் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். மூன்றாண்டுகளுக்குப் பின் பொக்கெல்ஸ் அதே நகரில் காலமானார்.