குழந்தைகளைத் தாக்கும் காரீயம்: ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

காரீயம் உடலில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும், படிப்பில் பின்தங்கும். நேர்ந்த பாதிப்பை மருந்தால் மாற்ற முடியாது, தடுப்பதே வழி. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-ல் வெளியான யுனிசெஃப் அறிக்கைப்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் உள்ளது. இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடிப் பிள்ளைகள்.

எப்படி வருகிறது?

* பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்களின் புகை, மண்
* அங்கு வேலை செய்பவரின் உடையோடு வீட்டுக்கு வரும் தூசி
* உதிரும் பழைய பெயிண்ட்
* கலப்பட மஞ்சள்தூள்
* காரீயத் தாதுவை அரைத்துச் செய்த சுர்மா

செலவு வீண்போகாது

வங்கதேசத்தில் நிறத்துக்காக மஞ்சளில் லெட் குரோமேட் கலந்தார்கள். 2019-ல் மக்களிடமும் வணிகர்களிடமும் எடுத்துச் சொல்லி, சந்தைகளில் சோதனையும் நடத்தினார்கள். அந்த ஆண்டு 47 சதவீத மாதிரிகளில் இருந்த காரீயம், 2021-ல் ஒன்றில்கூட இல்லை.

பொதட்டூர்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வரை உள்ள ஜமாஅத்துகளும் ஸதகா நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். ஜும்ஆவிலும் பெண்கள் பயானிலும் விளக்கலாம். ஏழைப் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனைக் கட்டணத்தை ஏற்கலாம். தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியவை எளியவை: சாப்பிடும் முன் கை கழுவுதல், தரையை ஈரத்துணியால் துடைத்தல், வேலை உடையைத் தனியே துவைத்தல், பரிசோதிக்கப்படாத சுர்மாவைப் பிள்ளைகளுக்கு இடாதிருத்தல்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம்.