'சிற்றன்னை' முதல் 'உதிரிப்பூக்கள்' வரை

நெல்லை இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தார். அவருடைய 'சிற்றன்னை' குறுநாவலிலிருந்து பிறந்த படம்தான் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). 'தங்கப்பதக்கம்' (1974) படத்துக்கு அனல் பறக்க வசனம் எழுதிய அதே மகேந்திரன், இங்கே வசனத்தைச் சுருக்கினார். மிச்சத்தை அசோக்குமாரின் கேமராவும் இளையராஜாவின் இசையும் பேசின.

சினிமா பற்றி எழுதும் மாணவர்கள் பலர் கதையைச் சொல்லிவிட்டு, 'ஒளிப்பதிவு அருமை' என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது நண்பர்களே! கடைசிக் காட்சியைப் பாருங்கள். ஊரார் நெருக்க, சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்குகிறான். கரையில் அவனுடைய தாயில்லாப் பிள்ளைகள். கெட்டவன் ஒழிந்தான் என்று கைதட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால், கேமரா அதை எப்படிச் சாதித்தது? அந்தப் பதில்தான் கட்டுரை.