பேரன் கையில் ஊசி, பாட்டிக்குக் காவல்

கொள்ளைக் காய்ச்சல் வந்தால் எவரை முதலில் காப்பது? முதியோரை என்போம். ஜப்பான் நாடோ பள்ளிச் சிறுவரைத் தேர்ந்தது.

1957இல் உலகை உலுக்கிய 'ஆசியப் புளூ' அந்நாட்டையும் வாட்டிற்று. வகுப்பறையில் பற்றும் காய்ச்சல் வீடுதோறும் பரவும் என்றுணர்ந்து, 1962இல் பள்ளிகளின் வாயிலாகத் தடுப்பூசி போடலாயினர். 1977இல் அது கட்டாயமாயிற்று. செல்வர் வீட்டுச் சிறுவனும் ஏழை வீட்டுச் சிறுவனும் ஒரே வரிசையில் நின்று கரம் நீட்டினர்.

பின்னர் ஐயம் எழுந்தது. "ஊசி போட்டும் காய்ச்சல் வருகிறதே, பயன் என்ன?" என்றனர், பக்கவிளைவுக்கும் அஞ்சினர். 1987இல் கட்டாயம் தளர்ந்தது. 1994இல் திட்டமே கைவிடப்பட்டது.

2001இல் வெளியான ஓர் ஆய்வு இறப்புக் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. ஊசி இருந்த காலத்தில் தாழ்ந்திருந்த குளிர்காலச் சாவு, ஊசி நின்றதும் உயர்ந்திருந்தது. ஆண்டுக்கு 37,000 உயிர்களுக்குக் குறையாமல் அது காத்தது என்பது அவர்தம் மதிப்பீடு. அத்தொகையை ஏற்க மறுப்போர் உளர். எனினும் ஒன்று தெளிவு: ஐயுற்றோர் வகுப்பறையை எண்ணினர், வீட்டு மூலையில் இருமிக் கிடந்த பாட்டியை எண்ணவில்லை!

இன்று பிரிட்டன் பள்ளிகளில் மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்து இலவசமாகவே தரப்படுகிறது. பள்ளி எழுத்தறிவிக்கும் இடம் மட்டுமன்று. ஊரின் உயிர்காக்கும் அரணுமாகும். கண்ணுக்குத் தெரியாத பயனைப் பயனே இல்லை என்பது பகுத்தறிவாகுமா?