நா எழாத இரவு: சாமுவேல் ஜான்சனின் பாரிசவாயுவும் மூளை பற்றிய அறிவின் வரலாறும்

பேச்சை இழந்தவன் அறிவையும் இழந்தான் என்று கருதுவது நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணமாகும். பாரிசவாயுவால் தாக்கப்பெற்ற ஒருவர் வாய் திறந்து விடை கூறாராயின், வினாவே அவருக்கு விளங்கவில்லை என்று சூழ இருப்போர் முடிவு செய்துவிடுகின்றனர். அவர் எதிரிலேயே, அவர் அங்கு இல்லாதது போல, அவரைப் பற்றிப் பேசவும் செய்கின்றனர். இம்முடிவு எல்லார்க்கும் பொருந்தாது என்பதற்குத் தக்கதொரு சான்றினை ஆங்கில இலக்கிய வரலாறு நமக்கு அளிக்கின்றது. 1755-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிக்குப் பேரகராதி ஒன்றை இயற்றி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், 1783-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஓர் இரவில் தம் பேச்சை இழந்தார். அதனை அவரே எழுதி வைத்துள்ளார்.

முதற்கண் இந்நோயின் பெயர்களை நோக்குவோம். ஆங்கிலர் இதனை 'ஸ்ட்ரோக்' என்பர். அடி என்பது அதன் பொருள். அதற்கு முன் வழங்கிய 'அப்போப்ளெக்சி' என்னும் கிரேக்கச் சொல்லும் அடித்து வீழ்த்தப்படுதலையே குறிக்கும். தமிழில் வழங்கும் பாரிசவாயு, பக்கவாதம் என்பனவோ அடியைக் கூறாமல், உடம்பின் ஒரு பக்கத்தையும் உள்ளே இயங்கும் வாதத்தையும் கூறுகின்றன. இவ்விரு வகைப் பெயர்களுள் எதிலும் மூளை இல்லை என்பது நினைக்கத்தக்கது.

மூளையில் குருதிக் குழாய்கள் கெடுவதே காரணம் என்னும் அறிவு மெல்லவே வந்தது. குளிர்ந்த சளி மூளையின் அறைகளை அடைப்பதால் இந்நோய் வருமெனக் காலென் வழியினர் பல நூற்றாண்டு கற்பித்துவந்தனர். குருதி உடலெங்கும் சுற்றி வருவதை ஹார்வி 1628-இல் நிறுவிய பின்னரே வேறு விளக்கத்துக்கு வழி பிறந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வெப்ஃபர் என்னும் மருத்துவர், இந்நோயால் இறந்தாரின் மூளையை அறுத்து நோக்கி, அங்குக் குருதி கசிந்து தேங்கியிருத்தலைக் கண்டு 1658-இல் நூலாக வெளியிட்டார். மூளையின் ஒரு பக்கம் பழுதுற்றால் உடலின் மறுபக்கம் விழும் என்பதை இத்தாலியராகிய மோர்காஞ்ஞி 1761-இல் பல சான்றுகளால் வலியுறுத்தினார். ஜான்சனோ தம் அகராதியில் 'அப்போப்ளெக்சி' என்பதற்கு, அகத்தும் புறத்தும் உள்ள உணர்வனைத்தும், நெஞ்சின் இயக்கம் நீங்கலான இயக்கமனைத்தும் திடீரென அற்றுப்போதல் என்று, மருத்துவ நூல் ஒன்றைத் தழுவிப் பொருள் எழுதியிருந்தார். அனைத்தும் ஒருங்கே அழியும் என்பதே அக்காலக் கொள்கை. நோய் சிறிதாயின் ஒரு பகுதி மட்டும் செயலறும் என்பதை அறிந்திருந்தனரேனும், பேச்சு தனியே பிரிந்து போகக்கூடியது என்பதை ஆராய்ந்தார் அரியர்.

இனி அவ்விரவுக்கு வருவோம். சூன் 16-ஆம் நாள் ஜான்சன் தம் உருவப்படம் தீட்டப்பெற அமர்ந்திருந்தார், நெடுந்தொலைவு நடந்தார், மாலையில் உடல் இலேசாக இருப்பதாகவே உணர்ந்தார். அப்போது அவருக்கு அகவை எழுபத்து மூன்று. இரவில் விழித்து எழுந்து உட்கார்ந்தபோது, தலையில் ஒரு குழப்பம் அரை நிமிட அளவு நின்றது. உடலை எவ்வாறு வருத்தினும் அறிவை மட்டும் காத்தருளுமாறு இறைவனை வேண்டினார். அவ்வேண்டுதலை இலத்தீன் செய்யுளாக இயற்றினார். தம் அறிவு கெடாதிருக்கின்றதா என்று சோதித்தறிதலே அதன் நோக்கம். செய்யுள் சிறந்ததாக அமையவில்லை. ஆனால் அது சிறந்ததன்று என்பது தமக்கே விளங்கியமையால், தம் அறிவுக்குக் குறைவில்லை என்று அவர் துணிந்தார். நம் கருத்தில், இம்முடிவு எந்த மருத்துவர் நிகழ்த்தும் சோதனைக்கும் தாழ்ந்ததன்று. யாப்பைக் காத்தலினும் தன் பாட்டின் குறையைத் தானே காணுதல் அரிது என்பதைப் புலவர் அறிவர்.

பின்னரே நா எழவில்லை என்பதை அவர் கண்டார். பேச்சுறுப்பைத் தூண்டும் பொருட்டு மதுவருந்தினார், உடலை வலிந்து அசைத்தும் பார்த்தார், பயனில்லை. மீண்டும் படுத்து உறங்கிவிட்டார். பொழுது புலர்ந்ததும் பணியாளுக்குக் குறிப்பெழுதி நீட்டினார். பேசிக்கொண்டே உள்ளே வந்த பணியாளுக்கோ, எதிரில் இருக்கும் தலைவர் தம்மிடம் ஏன் தாளை நீட்டுகின்றார் என்பது உடனே விளங்கவில்லை. அடுத்து, அயலிலிருந்த ஆலன் என்னும் நண்பருக்கு எழுதினார். இவற்றையெல்லாம் அவர் திரேல் அம்மையாருக்கு 19-ஆம் நாள் எழுதிய மடல் கூறும்.

அம்மடலில் உள்ள ஒரு சிறு செய்தி நம் கருத்தை மிகவும் ஈர்க்கின்றது. ஆலனுக்கு எழுதும்போது தம் கை, காரணம் தெரியாமலே, பிழையான எழுத்துகளை இட்டது என்கிறார். நாவு மட்டும் மரத்துப்போயிருப்பின் கை பிழைபட வேண்டுவதில்லை. ஆகவே கேடு நாவில் இல்லை; எண்ணத்தை மொழியாக்கும் மூளைப் பகுதியில் இருந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். அப்பிழையைத் தாமே கண்டு குறித்தமையால், மொழியைக் கண்காணிக்கும் அறிவு நின்றது என்பதும் தெளிவாகின்றது.

இப்பிரிவினை உடற்கூற்றால் நிறுவியவர் பாரிசு நகரத்துப் பால் புரோக்கா ஆவார். 1861-இல் அவர் கண்ட நோயாளிகளுள் லெலோங் என்னும் எண்பத்து நான்கு அகவை முதியவர் ஒருவர். திடீரென வீழ்ந்து பேச்சிழந்த அவருக்கு எஞ்சியவை ஐந்து சொற்களே. எண் எதுவாயினும் 'மூன்று' என்பதற்குரிய பிரெஞ்சுச் சொல்லையே, அதுவும் திரிபட, கூறுவார். மக்கள் எத்துணையர் என்று வினவியபோதும் அச்சொல்லையே கூறினார். ஆனால் நான்கு விரல்களைக் காட்டினார். ஆண்மக்கள் எத்தனை பேர் என்றபோது இரண்டு விரல். பெண்மக்கள் எத்தனை பேர் என்றபோதும் இரண்டு விரல். நாவு தவறியது, கணக்குத் தவறவில்லை. அவர் இறந்தபின் மூளையின் இடப்பக்க முன்மடலில் பழுது காணப்பட்டது. 1874-இல் வெர்னிக்கே, பின்னுள்ள வேறொரு பகுதி கெடின் பேச்சு தடையின்றி ஓடியும் பொருளற்றுப் போகும், பிறர் சொல்லும் விளங்காது என்று காட்டினார். ஆகவே நோயாளர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். சிலர்க்குச் சொல்லின் பொருளே விளங்காமற்போதலும் உண்டு. எவ்விடம் கெட்டது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

குழாய் அடைபட்டுக் குருதி செல்லாமையாலும், குழாய் வெடித்துக் குருதி பாய்தலாலும் இந்நோய் இரு வகையாக வரும். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, நெஞ்சம் செலுத்தும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினைப் பெறுகின்றது. அது சிறிது நேரம் நின்றாலும் மூளைத் திசு மடியத் தொடங்கும். இருவகையையும் உயிருள்ளவரிடத்தே பிரித்தறிய 1971-இல் இலண்டனில் முதன்முதல் பயன்பட்ட கணினிவழிக் கதிர்ப்படம் துணைசெய்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்து, நோய் கண்ட மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தப்பெறின் பயன் தரும் என்பது 1995-இல் வெளியான ஆய்வால் நிறுவப்பெற்றது. அவ்வெல்லை பின்னர் நான்கரை மணியாக நீட்டப்பெற்றது.

இவ்வறிவோடு ஜான்சனின் மடலை மீண்டும் படிப்போமாயின், அவர் நோயை உணர்ந்தபின் உறங்கிக் கழித்த நேரம் நம் நெஞ்சை உறுத்துகின்றது. அன்று அதனால் அவர் இழந்தது ஒன்றுமில்லை. பொழுது விடிந்தபின் வந்த எபர்டன், பிராக்கிள்சுபி ஆகிய சிறந்த மருத்துவர்கள் செய்தது, முதுகிலும் காது முதல் தொண்டை வரையிலும் கொப்புளம் எழுப்பும் மருந்திட்டதேயாகும். அன்று இரவு வருமுன்னரே பேச்சு சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்கியது.