கரையாத செம்பு



மரக்கப்பல்களின் காலத்தில் கடலோடிகளை இரு பகைகள் வாட்டின. கப்பற்புழு அடிமரத்தைத் துளைத்துத் தின்றது. கொட்டலசும் கடற்பாசியும் அடிப்புறத்தில் அப்பி ஓட்டத்தைத் தடுத்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை கப்பல்களின் அடியில் செப்புத் தகடு வேய்ந்து இரண்டையும் வென்றது. ஆயினும் உப்புநீர் அச்செம்பையே அரித்தது. தகடுகளைப் பெருஞ்செலவில் அடிக்கடி மாற்ற நேர்ந்தது.

இதற்கு வழிகாணும் பொறுப்பு, இலண்டன் அரச கழகத்தின் தலைவரும் வேதியியல் அறிஞருமான சர் ஹம்ப்ரி டேவியிடம் வந்தது. கடல்நீரில் இரு உலோகங்கள் தொட்டிருந்தால், எளிதில் கரைவது தான் கரைந்து மற்றதைக் காக்கும் என்று அவர் கண்டார். பட்டாணியளவு துத்தநாகம் 40, 50 சதுர அங்குலச் செம்பைக் காக்கப் போதுமாயிருந்தது. 1824இல் இதை அவர் அறிவித்தார். அவ்வாண்டே, நம் நாட்டின் கொச்சியில் கட்டப்பட்ட 'சமராங்' என்னும் போர்க்கப்பலின் அடியில் வார்ப்பிரும்புப் பாளங்களைப் பொருத்தி, அட்லாண்டிக்கைக் கடந்து நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினர்.

டேவியின் கணக்குப் பொய்க்கவில்லை. இரும்பு கரைந்தது, செம்பு தப்பியது. ஆனால் இவ்வாறு காக்கப்பட்ட கப்பல்களில் மெல்ல மெல்லப் பாசியும் கொட்டலசும் படிந்தன. செம்பு கரையும்போது கசிந்த நஞ்சே அதுவரை அவற்றை விலக்கி வைத்திருந்தது. செம்பு முழுமையாய் இருந்தது. கப்பலோ வேகம் இழந்தது. கடற்படை அப்பாளங்களைக் கழற்ற உத்தரவிட்டது. டேவி ஏளனத்துக்கு ஆளானார். 1829இல் அவர் மறைந்தார்.

அவர் கண்ட நெறி மறையவில்லை. கடல்நடுவே நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகளின் எஃகுக் கால்களை இன்று அலுமினியமும் துத்தநாகமும் காக்கின்றன. பழைய கட்டிகள் கரைந்து தீர்ந்ததும், முக்குளிப்போர் இறங்கிப் புதியவற்றைப் பொருத்துகின்றனர். அம்மேடைகளில் கொட்டலசு ஒட்டினாலும் அவை எங்கும் போகவேண்டியதில்லை. கப்பல் அப்படியன்று.

தம்மைக் கரைத்து நம்மைக் காத்த மீட்பரை அவ்விரும்பில் காண்கிறோம்; அது தகும். காக்கப்பட்ட செம்பையும் நாம் நோக்கவேண்டும். பாத்திரம் மாற்றி வார்க்கப்படாமல் வண்டலின்மேல் தங்கிவிட்ட திராட்சரசத்துக்கு மோவாபை ஒப்பிடுகிறார் எரேமியா (48:11). அதற்குக் குறைவொன்றும் நேரவில்லை; அதுவே அதன் கேடாயிற்று. சேமிப்பு பெருகியும் ஏழைக்குக் கை திறவாத சபை, ஓய்வு நாள் தவறாமல் ஆசரித்தும் அயலானுக்காக ஒரு மணிநேரமும் இழக்காத விசுவாசி, இவர்கள்மேல் என்ன படிகிறது என்பதை நீரின் மேலிருந்து பார்ப்போர் அறியார்.

இவ்வாரம் நம்மில் எது கரையவேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்போமாக. ஆமென்.