தூவியைப் பிரித்தெடுத்த காற்று

வடபுலத்து நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்குக் குளிர்காலம் நெருங்கிவிட்டதை முன்னாளில் அறிவித்தது தெருவில் எழும் ஒரு நாணொலி. துனியா எனப்படும் பஞ்சு கொட்டுபவர் தோளில் நீண்ட வில்லைச் சுமந்து வருவார். சென்ற ஆண்டின் ரஜாயைப் பிரித்து, உள்ளிருக்கும் பஞ்சின்மேல் வில்லின் நாணைப் பொருத்தி மரக்கட்டையால் தட்டுவார். நாண் அதிர, கட்டிப் போன பஞ்சு அவிழ்ந்து நுரைபோல் எழும். தூசி தனியே உதிரும். மோட்டாரால் ஓடும் பொறிகள் வந்தபின் இவ்வொலி அருகிவிட்டது. பஞ்சுக்கு இவர் செய்துவந்த பணியைப் பறவையின் மென்தூவிக்குச் செய்யும் பொறி ஒன்று உண்டு. இறகைத் தூய்மைப்படுத்தி, அதனின்றும் தூவியைப் பிரித்தெடுக்கும் அப்பொறியின் வரலாற்றையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

தூவி என்ற சொல் நமக்குப் புதியதன்று. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை வருணிக்குமிடத்து, அதன்மேல் அன்னத்தின் தூவியால் அமைந்த அணை இருந்ததைக் கூறுகிறார். பாட்டின் பெயரிலேயே வாடைக்காற்று வீசுகிறது. குளிருக்கும் தூவிக்கும் உள்ள உறவைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மெத்தைக்குரிய பொருள்கள் ஐந்து எனப் பகுத்த உரையாசிரியர்களும் தூவியை அவற்றுள் ஒன்றாக வைத்தனர். அரசாங்க ஏடுகளை மொழிபெயர்த்து வாழும் நமக்கு இது பேருதவி. சுங்கவரி அட்டவணை, இறகையும் தூவியையும் இரு பொருளாகக் கொண்டு பேசுகிறது. தூய்மைப்படுத்திப் பதப்படுத்தியதோடு நின்றவற்றை ஓர் அத்தியாயத்திலும், அதற்கு மேலும் வேலை செய்யப்பெற்றவற்றை வேறோர் அத்தியாயத்திலும் வைக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ‘இறகு’ என்றெழுதினால் பொருள் கெடும். சங்கப் புலவரின் சொல் சுங்கச் சாவடி வரை வந்து கைகொடுக்கிறது.

இறகுக்கும் தூவிக்கும் வேற்றுமை யாது? இறகின் நடுவே தண்டு ஒன்று ஓடும். அதன் இருபுறத்தும் இழைகள் வரிசையாய் நிற்கும். அவ்விழைகளை நுண்ணிய கொக்கிகள் பிணைத்து ஒரு தகடுபோல் ஆக்கும். தூவிக்கு அத்தகைய தண்டில்லை. ஒரு புள்ளியினின்று எல்லாத் திசையிலும் மெல்லிழைகள் விரிந்திருக்கும். எருக்கங்காய் வெடிக்கும்போது பறந்து செல்லும் விதையின் பஞ்சை நினைத்துக்கொண்டால் உருவம் விளங்கும். நீர்ப்பறவைகளின் மார்பிலும் வயிற்றிலும், மேலிறகுக்கு அடியில், இது வளர்கிறது. இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாது நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. தண்டுள்ள இறகு கலந்தால் மெத்தை கனக்கும், குத்தும், வெதுவெதுப்புக் குறையும். ஆகவே பிரித்தல் இன்றியமையாததாயிற்று. ஆயின் ஒரு கைப்பிடி இறகிலிருந்து தூவியை மட்டும் விரலால் பொறுக்கி எடுப்பது எத்துணைப் பொறுமைக்குரிய வேலை!

அப்பொறுமைக்குரிய விலையும் அன்றே இருந்தது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த ரோமானிய அறிஞர் பிளினி, ஜெர்மானிய நாட்டு வெள்ளைப் பெருவாத்தின் தூவி ராத்தலுக்கு 5 டெனாரியஸ் விற்றதாக எழுதிவைத்தார். அவர் காலத்து ரோமானியப் படைவீரனின் ஆண்டு ஊதியம் 225 டெனாரியஸ். எனவே ஒரு ராத்தல் தூவி ஏறக்குறைய எட்டு நாள் ஊதியமாகிறது. காவல் நிலையத்தை விட்டுவிட்டுப் படைப்பிரிவு முழுவதையும் வாத்துப் பிடிக்க அனுப்பிய தலைவர்கள் குற்றச்சாட்டுக்கு ஆளானார்கள் என்றும் அவரே சொல்கிறார். எல்லையைக் காக்கச் சென்றவர்கள் தலையணைக்குப் பொருள் தேடினர்!

விலை மிகுந்த பொருள், அதுவும் உறைக்குள் தைத்து மூடப்படும் பொருள். இங்கே வஞ்சகம் புகாதிருக்குமா? இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றியின் ஆட்சியில், 1495-ஆம் ஆண்டு, மெத்தை தைப்போரைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கொதிநீரில் தோய்த்துப் பறித்த இறகை உலர்ந்த நிலையில் பறித்த நல்ல இறகோடு கலந்து அடைத்தல் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஈரமும் கொழுப்பும் நீங்காத இறகு உறைக்குள் அழுகும். படுத்திருப்பவர் உடற்சூட்டில் நாற்றம் எழும். அது நோய்க்கு இடமாகும் என்பதே அன்றைய முறையீடு. வாங்குபவர் திறந்து பார்ப்பதில்லை; தைத்தவர் சொல்வதில்லை. தூவியின் வரலாறு முழுவதும் இந்த ஐயப்பாட்டைத் தொடர்ந்தே செல்கிறது.

இதற்கிடையில் பறவை பட்ட துன்பத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பெனன்ட் என்பார், லிங்கன்ஷயரின் சதுப்பு நிலங்களில் பெருவாத்துகள் உயிரோடு ஆண்டுக்கு ஐந்து முறை பறிக்கப்பட்டதைப் பதிவு செய்தார். உயிரோடு பறித்த தூவி அன்று என்பதற்குச் சான்றிதழ் வழங்கும் பன்னாட்டு முறையொன்று 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பறித்தபின் பிரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பொஹீமியாவிலும் போலந்திலும் நீண்ட குளிர்கால இரவுகளில் அண்டை வீட்டுப் பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, இறகின் மெல்லிய பகுதியைத் தண்டினின்றும் உரித்தெடுத்தனர். மகளின் சீர்வரிசைக்கு வேண்டிய இறகு மெத்தை ஆண்டுக்கணக்கில் இவ்வாறு சேர்ந்தது. கதையும் பாட்டும் நடந்தன. ஆயினும் எவரும் பலமாகச் சிரித்தலாகாது, தும்மலாகாது, கதவைத் திடீரெனத் திறத்தலாகாது. மாலை முழுவதும் உரித்தது ஒரு மூச்சில் அறையெங்கும் பறந்துவிடும். அக்காட்சி இனியது என்று நாட்டுப்புற வழக்கங்களை எழுதுவோர் போற்றுகின்றனர். நமக்கோ அம்மூடிய அறையின் காற்றே நினைவுக்கு வருகிறது. இறகுத் தூசியை நெடுங்காலம் உள்ளிழுப்பவர்க்கு நேரும் நுரையீரல் அழற்சிக்கு மருத்துவ நூல்கள் தனிப்பெயர் கொடுத்திருக்கின்றன. வீட்டில் குளிர்கால வேலையாயிருந்தபோது ஓரளவில் நின்ற தூசி, தொழிற்சாலையில் நாள்தோறும் அதே வேலை நடந்தபோது எவ்வளவாகியிருக்கும்!

தூய்மை செய்யும் முறையும் மெல்லவே வளர்ந்தது. வெயிலில் காயவைத்தல், பைக்குள் இட்டுக் கோலால் அடித்தல், அடுப்பின் சூட்டில் வைத்தல் என்பன வீட்டு முறைகள். இறகின் கொழுப்பு இவற்றால் முழுதும் நீங்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கலைகளையும் தொழில்களையும் ஊக்குவித்த சங்கமொன்று இதற்குப் பரிசு அறிவித்தது. பரிசைப் பெற்றவர் ஒரு பெண்மணி. சுட்ட சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்து, அத்தெளிநீரில் இறகைச் சில நாள் ஊறவிட்டு, நன்னீரில் அலசி, வலைமேல் உலர்த்துவது அவர் கண்ட வழி. பின்னர் நீராவி வந்தது. 1810-இல் இறகு பதப்படுத்தும் கடையாகத் தொடங்கி, மரச்சாமான்களுக்குப் பெயர் பெற்ற லண்டன் ஹீல் நிறுவனம் போன்றவை அத்தொழிலில் வளர்ந்தன.

கழுவவும் உலர்த்தவும் பொறி அமைப்பது அத்துணை அரியதன்று. துளையிட்ட உருளையொன்றினுள் சுழலும் கரங்கள் இறகைப் புரட்டித் தூசியை உதிர்க்கும். அடுத்துச் சோப்பு நீரும் பலமுறை நன்னீரும். பிறகு வேகமாய்ச் சுழன்று நீரைப் பிழியும் கலம். முடிவில் 100 பாகைக்கு மேற்பட்ட நீராவிச் சூடு. நுண்கிருமியும் நாற்றமும் அச்சூட்டில் ஒழிகின்றன. 1495-ஆம் ஆண்டின் முறையீட்டுக்கு இங்கேதான் விடை கிடைத்தது எனலாம்.

உண்மையான அருமை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வீடளவு உயர்ந்து நிற்கும் பெட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே மேற்கூரை வரை எட்டாத தடுப்புச் சுவர்கள் அதனைப் பல அறைகளாகப் பகுக்கின்றன. முதலறையில் இறகைக் கொட்டியதும் அடியிலுள்ள துடுப்புகள் அதனைக் கலைத்து மேலே எறிகின்றன. மறுமுனையில் இயங்கும் விசிறி பெட்டி முழுவதும் மெல்லிய காற்றோட்டத்தை உண்டாக்குகிறது. தண்டுள்ள இறகு சற்றே எழுந்து மீண்டும் விழும். தூவி மட்டும் தடுப்பின் உச்சியைக் கடந்து அடுத்த அறைக்குச் செல்லும். அங்கே சிற்றிறகுகள் தங்கிவிட, இன்னும் இலேசானவை அதற்கும் அடுத்த தடுப்பைத் தாண்டும். அறைக்கு அறை தரம் உயர்கிறது. இது நம் களத்து மேட்டில் நெல் தூற்றும் அதே கலை, ஆயின் தலைகீழானது. களத்தில் காற்றோடு போவது பதர், காலடியில் விழுவது நெல். இங்கே காற்றோடு போவதே பொருள்.

பெட்டியின் பக்கத்தில் கண்ணாடிச் சாளரங்கள் உண்டு. பொறியை நடத்துபவர் அதனருகே நின்று உள்ளே பறப்பதைப் பார்த்துக் காற்றைக் கூட்டியும் குறைத்தும் வருவார். காற்று மிகுந்தால் சிற்றிறகும் தடுப்பைத் தாண்டிவிடும். குறைந்தால் தூவி இறகோடு சிக்கிக் கிடக்கும். இறகில் ஈரம் இருந்தால் கனக்கும். மிகவும் உலர்ந்திருந்தால் மின்னூட்டம் பெற்றுச் சுவரில் ஒட்டும். ஆகவே பொறி வந்தும் கண்ணும் கையும் வேண்டியிருந்தன. ஆனால் தூசி பெட்டிக்குள் அடங்கிற்று. மேசையைச் சுற்றி அமர்ந்து அதனை விழுங்கியவர்களின் நெஞ்சுக்கு ஓய்வு கிடைத்தது. இப்பொறியின் தலையாய பயன் மலிவு அன்று, இதுவே என்பது நம் கருத்து.

இலேசாகவும் வெதுவெதுப்பாகவும் உள்ள பொருள் படுக்கையோடு நின்றுவிடவில்லை. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியல் அறிஞர், பலூன் துணியின் இடையே ஐடர் வாத்தின் தூவியை நிரப்பித் தைத்த மேலங்கியை அணிந்து சென்றார். உடன் வந்தவர்கள் ட்வீட் துணியையும் கம்பளியையும் நம்பியிருந்தனர். ஏறத்தாழ 8,300 மீட்டர் உயரம் வரை அவர் ஏறினார். இன்று மலையேறுவோர் அனைவருக்கும் தூவி அங்கி இயல்பான உடையாகிவிட்டது. புனே நகரில் வாழும் நேயர்களுக்கு ஒரு செய்தி: அங்குள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக 1952 முதல் 1957 வரை பணியாற்றியவர் இதே ஃபின்ச்தான்.

இனி, பொறி தீர்க்காத சிக்கலுக்கு வருவோம். காற்று கனத்தை மட்டுமே அறியும். பறந்து வந்தது பெருவாத்தின் தூவியா, சிறு வாத்தினுடையதா, புதியதா, பழைய மெத்தையிலிருந்து மீட்டதா என்று அதற்குத் தெரியாது. இறகைப் பொடியாக நொறுக்கினால் வரும் இழைத் துணுக்குகளும் தூவியோடு சேர்ந்து பறக்கும், எடைக்கு நிற்கும், வெதுவெதுப்புத் தாரா. எனவே உலகில் மிகுதியாகத் தூவி விளைவிக்கும் சீனா, 2022-இல் நடைமுறைக்கு வந்த ஆடைத் தரக்கட்டளையில், முழு உருவமுள்ள தூவியின் அளவையே குறிக்க வேண்டும் என மாற்றம் செய்தது. முன்னர் துணுக்கிழையும் கணக்கில் சேர்ந்திருந்தது. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்று அளந்து தரம் கூறும் வழக்கமும் இவ்வையத்தைத் தீர்க்கவே எழுந்தது. 600-க்கு மேல் என்றால் நல்லது, 800 என்றால் உயர்ந்தது.

பொறியின் காற்றுக்கே அடங்காத தூவியும் ஒன்றுண்டு. ஐஸ்லாந்தின் கடற்கரையில் ஐடர் பெண்வாத்து தன் மார்பின் தூவியை உதிர்த்துக் கூட்டில் பரப்பி முட்டைகளை மூடுகிறது. அதனைக் கொல்லாமலும் பறிக்காமலும், கூட்டிலிருந்து தூவியைத் திரட்டிக்கொள்வது அந்நாட்டார் மரபு. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 60 கூடுகள் வேண்டும். இத்தூவியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையன. ஆதலால் பெட்டிக் காற்றில் தனித்தனியே பறப்பதில்லை. யாழ்போல் நரம்பு கட்டிய சட்டத்தின்மேல் அதைத் தேய்த்துப் புல்லையும் சிப்பித் துண்டையும் உதிர்ப்பது பழைய முறை. துனியாவின் வில்லுக்கு அது தூரத்து உறவு. 20-ஆம் நூற்றாண்டில் சூடேற்றித் துடைக்கும் பொறிகள் வந்து பெரும்பங்கு வேலையை ஏற்றன. எஞ்சிய இறகுத் துணுக்குகளை இன்றும் கையாலேயே பொறுக்குகின்றனர்.

அத்தோடு விற்பனைக்கு விட்டுவிடுவதில்லை. அரசு அனுமதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் பார்த்துச் சான்று தரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவர் பொதியில் கைவிட்டு ஒரு சிட்டிகை தூவியை மேலே தூக்குகிறார். தூய்மையான தூவியாயின் இழைகள் அறுபடாமல் பெரியதொரு கொத்து அதனோடு சேர்ந்தெழுகிறது. அதனை ஒளியில் காட்டித் தூசியும் நாற்றமும் இல்லையென்று கண்டபின்னரே பொதியைக் கட்டி முத்திரை வைக்கிறார்.