இரயிலேற விடப்படாத தேசாந்திரி

கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் இறங்கும் கொடை ரோடு இரயில் நிலையம் நிலக்கோட்டை வட்டத்தில் உள்ளது. அதே வட்டத்தைச் சேர்ந்த வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4-ஆம் நாள் பிறந்த ஒருவர், தம் வாழ்வின் பிற்பகுதியில் இரயிலேறும் உரிமையை இழந்து, தமிழகத்துச் சாலைகளையே வீடாக்கிக் கொண்டார். அவர்தாம் சுப்பிரமணிய சிவா. அவருடைய தந்தையின் பெயர் இராஜம் ஐயர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய இராஜம் ஐயரும் அதே வத்தலக்குண்டுக்காரரே என்பதால் சிலர் இருவரையும் ஒருவராகக் குழப்பிக் கொள்வதுண்டு.

பிறர் இட்ட சோற்றில் வாழ்வது அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கமாயிற்று. வறுமையால் திருவனந்தபுரம் சென்று, அங்கிருந்த இலவச ஊட்டுப்புரையில் உண்டு படித்தார். பின்னர் அங்கேயே இளைஞர்களைக் கூட்டி நாட்டு விடுதலை பற்றிப் பேசத் தொடங்கவே, திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேற்றியது. கையில் காசில்லை, நாவில் சொல் இருந்தது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவரைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார்.

காசின்றி வழிநடப்பவனின் துணிவை நாம் வியக்கிறோம். ஆனால் அவனுடைய பயணம் பாதி அவன் காலில் நடக்கிறது. மீதி, கதவைத் திறப்பவர்களின் மனத்தில் நடக்கிறது. கதவைத் திறந்ததற்கு வ.உ.சி. கொடுத்த விலை என்ன? 1908 ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தபோது, அரச நிந்தனைப் பேச்சுக்காக 20 ஆண்டும், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்காக மேலும் 20 ஆண்டும் வ.உ.சி.க்குத் தீவாந்தரத் தண்டனை விதித்தார். சிவாவுக்கோ 10 ஆண்டு. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. பேசியவரைவிட, அவருக்குத் துணை நின்றவருக்கே தண்டனை பெரிது! அந்நியனை ஏற்றுக்கொள்வது பற்றிய மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறும் கேட்கும் நாம், விருந்தோம்பல் இவ்வளவு விலையுள்ள செயலாகலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

1912 நவம்பரில் சிவா விடுதலையானபோது தொழுநோய் அவர் உடலைப் பற்றியிருந்தது. சிறையில் ஆட்டுரோமத்தைச் சுண்ணாம்பிட்டுப் பதப்படுத்தும் வேலையால் வந்த நோய் என்று பலர் எழுதியிருக்கின்றனர். மருத்துவம் அவ்வாறு சொல்லாது. அது ஒரு நுண்ணுயிரால் வருவது என்பதை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். எனினும் சிறைக்குச் செல்லும்போது இல்லாத நோயோடு அவர் வெளிவந்தார் என்பதில் ஐயமில்லை. அந்நோயையே காரணம் காட்டி ஆங்கில அரசு அவரை இரயிலில் செல்லக் கூடாதெனத் தடுத்தது. நாவுக்குப் பூட்டுப் போட முடியாதவர்கள் காலுக்குப் போட முயன்றார்கள் என்றே நான் கருதுகிறேன்.

அவரோ அடங்கவில்லை. புண்களைத் துணியால் மூடிக்கொண்டு நடந்தார். கிடைத்தபோது மாட்டு வண்டியில் சென்றார். நோயில்லாத ஏழை வழிப்போக்கனுக்குச் சத்திரமுண்டு, திண்ணையுண்டு. இவருக்கு அவையும் எளிதில் திறந்திருக்கமாட்டா. ஆயினும் இதற்கிடையே 'ஞானபாநு' என்னும் இதழை 1913-இல் தொடங்கினார். பாரதியார் அதில் எழுதினார். அவர் நடத்திய மற்றோர் இதழின் பெயர் 'இந்திய தேசாந்திரி'. ஊர் சுற்றும் பரதேசி என்று உலகம் இகழ்ந்து சொல்லும் சொல்லைத் தம் இதழின் நெற்றியில் எழுதிக்கொண்ட மனிதர் அவர்.

நம் திருச்சபையிலும் அத்தகையோர் உண்டு. பிரான்சு நாட்டில் 1748-இல் பிறந்த பெனடிக்ட் ஜோசப் லாப்ரே, துறவற மடங்கள் தம்மை ஏற்காமையால், ஐரோப்பாவின் திருத்தலங்களுக்கெல்லாம் பிச்சையெடுத்தே நடந்து, 1783-இல் உரோமையில் இறந்தார், 1881-இல் புனிதரானார். ஆனால் லாப்ரே விரும்பிச் சாலையை ஏற்றவர். சிவாவுக்கு அருகில் வைத்து நாம் காணவேண்டியது மாற்கு நற்செய்தியின் முதல் அதிகார இறுதியை. இயேசு தொழுநோயாளரைத் தொட்டார்; நலமடைந்தவர் ஊருக்குள் போனார்; தொட்டவரோ ஊருக்குள் வெளிப்படையாய் நுழைய முடியாமல் தனிமையான இடங்களில் தங்கினார். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்! இந்த வசனத்தை நாம் விரைவாகக் கடந்து விடுகிறோம்.

தொழுநோயாளர் பொது வாடகை வண்டிகளில் ஏறுவதைத் தடைசெய்ய அரசுகளுக்கு இடமளித்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம், நோய்க்கு முழுமையான கூட்டு மருந்து 1980-களில் வந்த பின்னும் ஏட்டிலே கிடந்தது. இந்திய நாடாளுமன்றம் அதை நீக்கியது 2016-இல்தான்.

தர்மபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் சிவா பாரதமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப நிலம் வாங்கினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். பொருள் திரட்ட மீண்டும் ஊர் ஊராய் அலைந்தார் சிவா. 1925 ஜூலையில், 250 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மதுரையிலிருந்து நோய் முற்றிய உடலோடு பாப்பாரப்பட்டிக்குத் திரும்பி, 23-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது நாற்பது. அடிக்கல்லுக்கு மேல் ஆலயம் அப்போது எழவில்லை.